மலைக்கு லேசாக ஏதாவது

எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. கல்முனையிலிருந்து கடலோரமாக எவ்வளவு தூரம் போனாலும் தரை கையால் தடவிவிட்டது போலத்தான் கிடக்கும். நான் மாப்பிள்ளையாகப் போன தெருவில் ஆக உயரமான இடம், பள்ளிவாசலுக்கு முன்னால் போட்டிருந்த வேகத்தடை. அதில் மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கும்போதே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் மலையேறப் புறப்பட்டதற்கு முழுப் பொறுப்பும் என் நண்பனுடையது.

நண்பன் காரைதீவுக்காரன், இந்து, என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை. வயிறு முன்னால் வரத் தொடங்கியதும் அவனுக்கு மலைகளின் மேல் திடீர்க் காதல் பிறந்தது. இந்திய யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தமிழிலேயே பேசவும் தொடங்கிவிட்டான். அலுவலகத்தில் நாலைந்து பேரைப் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்தான். மலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டைப் பற்றிய குரல் பதிவுகள்தான். அவித்த கடலை நல்லதா, பேரீச்சம்பழம் நல்லதா, வாழைப்பழத்தை எப்படி நசியாமல் கொண்டுபோவது என்று காலையும் மாலையும் உபதேசம். எல்லாப் பதிவும் ஒரே வசனத்தில்தான் முடியும். "லேசான சாப்பாடா இருக்கணும் நண்பர்களே, லேசான சாப்பாடு."

இந்த 'லேசான' என்ற சொல்தான் என் குடும்ப வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். போன முதல் மாதங்களில் அவனுக்கு நடக்கும் உபசாரத்தை, கோழிக்கு நடக்கும் உபசாரம் என்று நண்பர்கள் சொல்வார்கள். கோழிக்கும் முதலில் நன்றாகத்தான் தீனி போடுவார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் மாமியார் கணவரை இழந்தவர், கூச்சக்காரர், புது மருமகனோடு நேரே கதைப்பது மரியாதையில்லை என்று நினைக்கும் பழைய மனுசி. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் நான். நடுவில் என் மனைவி தபால்காரியைப் போலத் திரையை விலக்கி விலக்கி நடப்பாள். மாமி சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும். ஆனாலும் மனைவி மீண்டும் ஒரு முறை சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. கல்யாணம் முடித்து ஏழெட்டு மாதமாகியும் மாமி என்னிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. சோற்றால்தான் கதைத்தார். அந்த விஷயத்தில் சரியான வாயாடி.

மலைக்குப் போகும் வாரம் வந்ததும் நான் மனைவியிடம் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு லேசா ஏதாவது கட்டித் தரச் சொல்லு உம்மாக்கிட்ட. அவ்வளவு காணும்."

எங்கள் பக்கத்தில் லேசு என்றால் சுலபம். சோதினை லேசு என்போம், வேலை லேசு என்போம். பாரமில்லாதது என்ற கருத்தும் அந்தச் சொல்லுக்கு உண்டென்று புத்தகத்தில் படித்திருக்கிறோம், ஆனால் வீட்டில் பாவிப்பதில்லை. நண்பனின் குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அது என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கரண்டி ஒன்று நின்றது.

"லேசா ஏதாவதாமா?" என்றார் மாமி. "பாவம், என்னக் கஷ்டப்படுத்த வேணாமெண்டு நினைக்கார் போல. எனக்கென்ன கை கால் வழங்காமலா கிடக்கு? லேசானத ஆக்கிக் குடுத்து மருமகன அனுப்பின பொம்புள எண்ட பேரா எனக்கு வேணும்? புரியாணி ஆக்கிறன் எண்டு சொல்லு."

மனைவி திரையை விலக்கி, "புரியாணியாம்" என்றாள்.

புரியாணியைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் நண்பன் என்னை மலையிலிருந்து தள்ளிவிடுவான். சொல்லைத்தான் மாற்ற வேண்டும் என்று புரிந்தது. "அப்பிடியில்ல, பாரம் வேணாமெண்டு சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "என்ன பாரம்? என்ட மகள்ட மாப்பிள்ளைக்குச் சோறாக்கிறது எனக்குப் பாரமா? இந்தப் புள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு பாரன். கோழியும் பொரிப்பம். வட்டிலப்பமும் அவிப்பம்."

"கோழியும் வட்டிலப்பமுமாம்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பு வேறு. தாயின் காரியத்தில் அவள் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மூன்றாவதாகச் 'சின்னதா' என்று சொல்லிப் பார்த்தேன். சின்னதாக ஏதாவது இருந்தால் நல்லது என்றேன். மாமிக்கு அது நியாயமாகப் பட்டது. கோழி, புரியாணி, வட்டிலப்பத்தோடு சின்னதாகவும் கொஞ்சம் செய்து வைக்கலாம் என்றார். அடுத்த நாள் பின்னேரம் முழுவதும் அவரும் மனைவியும் மனைவியின் மூத்த சகோதரியான ராத்தாவும் குசினியில் குந்தியிருந்து, விளையாடும் மாபிள் அளவில் கட்லட் உருட்டினார்கள். எண்ணி முடிக்க ஏலாத கட்லட்.

என் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறதுதானே. சனிக்கிழமை காலையில் ஹோலில் நின்றபடியே, திரைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். "ரெண்டு துண்டு பாண். நடுவுல ஒரு முட்ட. ஒரு வாழப்பழம். வேறொண்டும் வேணாம்."

"பாணா?" என்றார் மாமி. கடை ரொட்டியான பாணுக்கு அந்தக் குரலில் இருந்த அதிர்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியாது. "அவர் மலைக்குப் போறாரா, ஆஸ்பத்திரிக்குப் போறாரா எண்டு கேளு. நாலு ஊர்ப் பொடியன்மாருக்கு முன்னால என்ட மருமகன் பாணத் திண்டுக்கிட்டு இருக்கிறதா?"

"அப்ப ஒண்டும் வேணாம்" என்று என் வாய் முந்திவிட்டது. "நான் வெறுங்கையோடயே போறன்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ராத்தாவின் கணவர் இந்த வீட்டுக்கு முதல் மருமகனாக வந்தவர். ஒரு நாள் பகல் சோற்றில் கை வைத்துவிட்டுப் பாதியில் எழும்பி, "நான் வெறுங்கையோட போறன்" என்று படலையைத் திறந்தவர்தான், திரும்பி வரவேயில்லை. அவர் ஏன் போனார் என்பது ஊருக்கே தெரியும். அதற்கும் சோற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் மாமி மட்டும், அன்றைய சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்புக் கூடியதால்தான் தன் மூத்த மகளின் வாழ்க்கை போனது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு மருமகன் என்றால் பயம். நான் கோப்பையில் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்தால்கூட, அந்த மிச்சத்தைப் பார்த்தபடி இரவெல்லாம் விழித்திருப்பாராம்.

"ஏனமெல்லாம் வெறுமையா வரணும்" என்றாள் மனைவி. "ஒரு பருக்க மிஞ்சி வந்தாலும் உம்மா உடைஞ்சு போயிருவா. நீங்களும் போகப் போறீங்க எண்டு நினைப்பா."

மாமி மேல் இரக்கமும் வந்தது, மலையின் மேல் ஆத்திரமும் வந்தது. "எல்லாத்தையும் கட்டச் சொல்லு. வெறும் ஏனத்தோடதான் வருவன்" என்று வாக்குக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய வாக்கு என்று ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோதுதான் விளங்கியது. ஹோல் நடுவில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பானை. பக்கத்தில் என் முழங்காலைத் தொடும் உயரத்தில் ஓர் அடுக்குக் கேரியர். அதற்குப் பக்கத்தில் அகலமான தட்டத்தில், முட்டையும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பம். நான் ஒரு ஆள். ஒரு பகல் நேரம்.

"வட்டிலப்பத்தச் சரிச்சுப் போடாதீங்க, உடைஞ்சிரும்" என்றாள் மனைவி. திரைக்குப் பின்னால் மாமியின் நிழல் தெரிந்தது. நான் போகிறேன் என்று சொல்லவில்லை. "போயிட்டு வாறன்" என்றேன், அந்த 'வாறன்' நன்றாகக் கேட்கும்படி.

வேன் வந்தது. பானைக்கு ஒரு சீட், கேரியருக்கு ஒரு சீட், வட்டிலப்பம் என் மடியில். நண்பன் கையில் ஒரு சின்னப் பையில் அவித்த கடலையோடு வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தான்.

"என்னடா மச்சான் இது, வீடு மாறுறியா?"

"மாமி தந்தது."

"நான் என்ன சொன்னன்? ஒரு ஆள்ட சாப்பாடு உள்ளங்கைக்குள்ள அடங்கணும் எண்டு சொன்னனா இல்லையா?"

"உன்ட உள்ளங்கைய நீட்டு, வச்சுக் காட்டுறன்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். இருக்க இடமில்லாததால் குழுத் தலைவன் கடலைப் பையை அணைத்தபடி வேனின் மிதிபலகையில் குந்திக்கொண்டு வந்தான். அந்தக் கோபம் அவனுக்கு வரிப்பத்தான்சேனை தாண்டும்வரை ஆறவில்லை.

மலைக்கு வேன் போகாது. வயல் வரம்பு வழியாக நடந்துதான் அடிவாரத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் போகத்தில் மழை ஏமாற்றியிருந்தது. வாய்க்கால்களில் சேறும் காய்ந்து வெடித்திருந்தது, இளம் பயிர் நுனி மஞ்சளாகித் தலை சாய்த்துக் கிடந்தது. வேனில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் சாப்பாடு வெக்கையில் புளித்துவிடும். ஆகவே தூக்கினோம். வட்டிலப்பம் சரியக் கூடாது என்பதால் இரண்டு கையிலும் தட்டத்தை ஏந்தியபடி நான் முன்னால் போனேன். வெயிலுக்குத் தலையில் ஒரு வெள்ளைத் துவாய் கட்டியிருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பானையின் துணி முடிச்சைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கடைசியில் நண்பன், ஒரு கையில் கேரியரும் ஒரு கையில் கடலையுமாக. வரம்பு ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக, தலை குனிந்து, காலடியைப் பார்த்துத்தான் நடக்க முடிந்தது.

தூரத்தில் ஒரு மருத மரத்தடியில் விவசாயிகள் கூடியிருந்தார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடும் பொறுப்புள்ளவரை வட்டவிதானை என்போம். அவரைச் சுற்றி ஏதோ வாக்குவாதம். எங்களைக் கண்டதும் வாக்குவாதம் நின்றது. வட்டவிதானை எழும்பி நின்று, கையை வாயில் குவித்துச் சலாம் சொன்னார்.

"என்னத்துக்கு இது?"

எதிர்க்காற்று. பக்கத்து வயலில் ஒரு தண்ணி மெசின் வேறு இரைந்துகொண்டிருந்தது. நான் கழுத்தை நீட்டிக் கத்தினேன்.

"மலைக்கு!"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மற்றவர்கள் பக்கம் கிறுகினார்.

"மழைக்காம்! மழைக்குக் கந்தூரி கொண்டு வாறாங்க!"

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. வெள்ளைத் துணி கட்டிய பானை, தலையில் துணி கட்டி இனிப்புத் தட்டம் ஏந்தி வரும் ஆள், பின்னால் அடக்கமாக ஒரு வரிசை. மழை பொய்த்தால் சோறாக்கி, துஆ கேட்டு, எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிடும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் ஓடி வந்து எங்கள் கையிலிருந்த பானையை வாங்கினார்கள். வாங்கும்போதே பிஸ்மில்லா சொன்னார்கள். அதற்குப் பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது?

"இல்ல காக்கா, நாங்க வந்து..." என்று அண்ணன் முறை சொல்லித் தொடங்கினேன்.

வட்டவிதானை என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "கடற்கரையில இருந்து வாறீங்களா? நம்மட வயலுக்கு மழை இல்லையெண்டு உங்களுக்கு அங்க விளங்கியிருக்கே. இஞ்ச பக்கத்து ஊர்க்காரன் ஏனெண்டும் கேக்கல்ல."

நான் நண்பனைப் பார்த்தேன். நண்பன் தன் கடலையைப் பார்த்தான். "சும்மா இரி மச்சான்" என்றான் மெல்ல. "ஏனம் வெறுமையாகணும் எண்டு நீதானே வேன்ல அழுதாய்?"

துஆ ஓதினார்கள். ஆமீன் சொன்னோம். நண்பனுக்கு எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கை ஏந்தியபோது அவனும் கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கை ஏந்தினான். குளத்திலிருந்து தாமரை இலை பறித்து வந்து வரம்போரமாகப் பந்தி வைத்தார்கள். புரியாணி, கோழிப் பொரியல், அச்சாறு, ஆளுக்குக் கைநிறையக் கட்லட். சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, மாமி ஒரே ஒரு மருமகனுக்கென்று கட்டிய மதியச் சாப்பாடு ஒரு வட்டை வயல்வெளியின் விவசாயிகள் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. காணாது என்று யாரும் சொல்லவில்லை. வட்டிலப்பம் மட்டும் கொஞ்சம் இழுபறியாகப் போனது. ஆகக் கூடுதலாகச் சாப்பிட்டவன் லேசான சாப்பாட்டின் தூதுவன்தான். அவனுடைய கடலையை ஒருவரும் தொடவில்லை.

பந்தி முடியும் நேரத்தில் மேற்கே இருந்து ஒரு முகில் வந்தது. நாலு தூறல் விழுந்தது. வரம்பின் புழுதியும் அதில் அடங்கவில்லை, ஆனால் வட்டவிதானை என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். நண்பன் அண்ணாந்து வானத்தைப் பார்த்து, "மழை பெஞ்சா பாறை வழுக்கும். ஏறுறது ஆபத்து" என்று அறிவித்துவிட்டு, மருத மரத்தடியில் வயிற்றைத் தடவியபடி சரிந்தான். மலை எங்களுக்கு எதிரே சும்மா நின்றது. நாங்கள் அதைத் தொடவும் இல்லை.

பின்னேரம் புறப்படும்போதுதான் கேரியரின் கடைசி அடுக்கைக் கவனித்தேன். மேல் அடுக்குகளெல்லாம் காலி. அடியில் உள்ளது திறக்கவேயில்லை, மூடி இறுகிக் கிடந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே என்னவோ இருந்தது. நண்பன் கல்லால் தட்டினான். வட்டவிதானை மண்வெட்டிப் பிடியால் நெம்பினார். அசையவில்லை.

ஊர் நெருங்க நெருங்க எனக்குள் பயம் ஏறியது. ஊரெல்லாம் சாப்பிட்டும் ஒரு ஏனம் நிறைந்தபடி வீட்டுக்குப் போகிறது. மாமி மற்ற அடுக்குகளைப் பார்க்கமாட்டார், இதைத்தான் பார்ப்பார். அன்றைக்கு உப்பு, இன்றைக்கு இது என்று நினைத்துக்கொள்வார். தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் குந்தி, பானையைப் பக்கத்தில் வைத்து, அந்த அடுக்கைக் கடைசியாக ஒரு முறை திருகினேன். வழி நெடுக வேன் எஞ்சினுக்குப் பக்கத்தில் சூடேறியதாலோ என்னவோ, மூடி சும்மா கழன்று வந்தது.

உள்ளே வாழையிலையில் சுற்றி இரண்டு துண்டு பாண். நடுவில் முட்டை. ஓரம் நான்கு பக்கமும் நறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாழைப்பழம்.

நான் கேட்டது அவருக்கு விளங்கியிருந்திருக்கிறது. ஊருக்காக மேலே அத்தனையையும் அடுக்கிவிட்டு, எனக்காக இதை அடியில் வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கழுத்து வரை புரியாணி. மூச்சு விடவே இடமில்லை. ஆனாலும் அந்தப் பாணைக் கடித்தேன்.

பாண் பாதியில் நிற்கும்போது தெருவில் செருப்புச் சத்தம். மூன்று பெண்கள் எங்கோ ஓதல் முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் மாமி. மருமகன் தெருமுனையில், பூட்டிய கடைப் படியில், அந்திநேரத்தில், வெளியே விட்டு வீட்டைப் பூட்டிய பிள்ளையைப் போலக் குந்தியிருந்து பாண் தின்கிறான். கூட வந்த பெண்கள் இருவரும் என்னையும் பார்த்து, மாமியையும் பார்த்தார்கள். மாமியின் முகம் வெளிறிப்போனது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேகமாக நடந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் நேரே என்னிடம் வந்தார். திரை இல்லை, மகள் இல்லை.

"மகன்" என்றார். "வீட்ட வந்து சாப்பிடுங்க மகன்."

வாயில் பாண் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன். விழுங்கிவிட்டு, "ஓம் மாமி, வீட்டதான் வாறன்" என்றேன். மிச்சப் பாணையும் வாழைப்பழத்தையும் அவர் பார்க்கப் பார்க்கத் தின்று முடித்தேன். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார். முடிந்ததும் அடுக்கை மூடினேன். கேரியரைத் தூக்க நான் குனிவதற்குள் அவரே அதை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை ஒரு முறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"லேசாக் கிடக்கு" என்றார்.